அக்காட்டைக் கேளுங்கோ: சங்கத்துக் கொப்பியும் லிங்க்ட்இன்னும்

கேள்வி: வணக்கம் அக்கா. பம்பைமடுவில, வவுனியாப் பல்கலைக்கழகத்தில வணிகம் படிச்சு முடிச்சு வீட்டோட நிண்டு 11 மாசமாகுது. பட்ச் பிள்ளையள் சொல்லிச்சினம் எண்டு லிங்க்ட்இன் எண்ட வேலைத் தொடர்புத் தளத்தில கணக்குத் திறந்து, பேருக்குக் கீழ "வேலை தேடும் பட்டதாரி" எண்டு போட்டு, 150 பேருக்கு மேல கனெக்ட் எண்ட இணைப்பு அழைப்புக் குடுத்தன், கொஞ்சப் பேருக்கு சிவியும் அனுப்பினன், ஒருத்தரும் திரும்பிக் கதைக்கேல்லை. எனக்கு அனுபவம் எண்டு ஒண்டும் இல்லை, மாதர் சங்கத்துக் கணக்கை 2 வருசமா எழுதுறன், பின்னேரத்தில 9 பிள்ளையளுக்குக் கணிதம் சொல்லிக் குடுக்கிறன், அவ்வளவு தான். பெரிய இடத்தில எனக்கு ஒருத்தரையும் தெரியாது. பொம்பிளைப் பிள்ளை ஃபோட்டோ போடக்கூடாது எண்டு அண்ணா ஏசுறார். அம்மா அரசாங்க வேலை வரும் வரைக்கும் பொறு எண்டுறா. இதை மூடிப்போட்டு இருக்கவோ அக்கா?
- பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

பதில்: மூடாதேங்கோ தங்கச்சி. உங்கட கடிதத்தில "அவ்வளவு தான்" எண்டு எழுதின இடத்தில தான் நான் நிண்டிட்டன். 2 வருசம் ஒரு சங்கத்தின்ர கணக்கு உங்கட கையில இருந்திருக்கு, மாசக் கடைசியில 50 ரூபா பிசகினால் ஆர் கட்டினது ஆர் கட்டேல்லை எண்டு ராவிராவா இருந்து தேடியிருப்பீங்கள், கடன் கட்டாத வீட்டுக்குப் போய் சண்டை வராமல் கதைச்சிருப்பீங்கள், இதெல்லாம் வேலை இல்லையெண்டால் வேற எது வேலை? கொழும்பில ஒரு ஒபிஸில 6 மாசம் இன்டேர்ன்ஷிப் செய்த பிள்ளை போட்டோகொப்பி அடிச்சதைக்கூட வடிவா எழுதுது. எங்கட பிள்ளையள் சங்கத்துக் காசை உறுப்பினருக்கு மாறி மாறிக் கடனாக் குடுத்து வாங்கிற சுழற்சிக் கடன் முழுக்க நடத்திப்போட்டு அனுபவம் இல்லை எண்டுதுகள். எனக்கு உண்மையா நெஞ்சு நோகுது.

இண்டைக்கு அந்தக் கொப்பியை எடுத்து முன்னால வையுங்கோ. எத்தினை உறுப்பினர், எத்தினை பேருக்குக் கடன் குடுத்தது, ஆகக் கூடின தொகை எவ்வளவு, எத்தினை பேர் முழுக்கக் கட்டி முடிச்சவை, கொப்பியில இருந்ததை எக்ஸெலுக்கு மாத்தினனீங்களோ, இல்லாட்டி இந்தக் கிழமை மாத்துங்கோ, மாத்தினதையும் எழுதலாம். எண்ணி வாற இலக்கத்தை அப்பிடியே போடுங்கோ, கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், உறுப்பினரின்ர பேர் மட்டும் வெளியில வரக்கூடாது. ஒருக்கால் உங்கட சங்கத்தில 60 பேர் எண்டு வைப்பம், "60 உறுப்பினர் உள்ள சங்கத்தின்ர சுழற்சிக் கடன் கணக்கை 2 வருசமா எழுதி மாசா மாசம் சமப்படுத்திக் குடுக்கிறன்" எண்ட ஒரு வரி, "கடின உழைப்பாளி, குழுவா வேலை செய்வேன்" எண்டு பத்து வரி எழுதுறதை விட நல்லது. அந்தப் பத்து வரியை எல்லாரும் எழுதினம், உங்கட ஒரு வரியை நீங்கள் மட்டும் தான் எழுதலாம்.

பேருக்குக் கீழ வாற வரிக்கு 220 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு. அதில "வேலை தேடும் பட்டதாரி" எண்டு போட்டால் உங்களிட்ட இல்லாததைத் தான் முதல்ல சொல்லுறீங்கள். ஆள் எடுக்கிறவை தேடேக்க கணக்கு, கடன் பதிவு, எக்ஸெல் எண்டு தொழில் சொல்லைப் போட்டுத் தான் தேடுவினம். "கணக்குப் பதிவும் சிறு கடன் முகாமைத்துவமும், வவுனியாப் பல்கலைக்கழக வணிகப் பட்டதாரி, முல்லைத்தீவு" எண்ட மாதிரி இங்கிலீசில போடுங்கோ. வேலை தேடுறன் எண்டதைச் சொல்ல "ஓப்பன் டு வேர்க்" எண்டு தனியா ஒரு வசதி இருக்கு, அதை ஆள் எடுக்கிறவைக்கு மட்டும் தெரியிற மாதிரியும் வைக்கலாம், ஃபோட்டோவைச் சுத்திப் பச்சை வளையமா எல்லாருக்கும் தெரியவும் வைக்கலாம். உங்களுக்கு ஒளிக்கிறதுக்கு ஒரு முதலாளி இல்லையே, வளையத்தைப் போடுங்கோ. பேரை பட்டச் சான்றிதழில உள்ள எழுத்துக்கூட்டலிலயே எழுதுங்கோ, எங்கட ஆக்களுக்கு அடையாள அட்டையில ஒரு மாதிரி, சான்றிதழில இன்னொரு மாதிரி எண்டு கிடந்து கடைசியில தேடுறவைக்கு ஆளைப் பிடிக்கேலாமல் போயிடும்.

இனி ஒருத்தரையும் தெரியாது எண்ட கதைக்கு வாறன். சில வருசத்துக்கு முன்னம் நான் வேலை செய்த என்ஜிஓ கிளிநொச்சி ஒபிஸைப் பூட்டிக்கொண்டு போனது, எங்களுக்கெல்லாம் ஒரே நாளில வேலை இல்லை. சொந்தம், சிநேகிதம், பக்கத்து வீடு எண்டு கேக்காத ஆள் இல்லை. அவைக்கும் எனக்குத் தெரிஞ்ச அதே வேலையள் தான் தெரியும், சரிதானே. கடைசியில வவுனியாவில ஒரு 2 நாள் ட்ரெயினிங்கில பக்கத்துக் கதிரையில இருந்த ஒரு அக்கா, பிறகு ஒரு தரம் தான் கதைச்சிருப்பன், அவ தான் எடுத்து "இஞ்ச ஒரு இடம் இருக்கு, அனுப்பும்" எண்டவ. இதை நான் என்ர அதிர்ஷ்டம் எண்டு தான் கனகாலம் நினைச்சனான். பிறகு தான் தெரியும், மார்க் கிரானோவெட்டர் எண்ட அமெரிக்க சமூகவியல் ஆய்வாளர் 1973லயே இதை எழுதி வைச்சிருக்கிறார். தெரிஞ்ச ஆள் மூலமா வேலை எடுத்தவையை அவர் விசாரிச்சதில, அடிக்கடி சந்திக்கிற ஆளால வேலை கிடைச்சவை நூற்றுக்கு 17 பேர் அளவில தான், மிச்சம் எல்லாம் இடைக்கிடை காணுற, இல்லாட்டி காணுறதே அருமையான ஆக்களால. 2022ல லிங்க்ட்இன்லயே 2 கோடிப் பேரை வைச்சு 5 வருசத் தரவைப் பாத்து ஒரு ஆய்வு சயன்ஸ் சஞ்சிகையில வந்தது, அதிலயும் கிட்டின சிநேகிதத்தை விட, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு சிலரைத் தெரிஞ்ச நடுத்தரப் பழக்கம் தான் புது வேலைக்குக் கூட உதவியிருக்கு. பேருக்கு மட்டும் இணைஞ்சிருக்கிற ஆக்களை விடவும் அது நல்லம். நீங்கள் 150 பேருக்குக் குடுத்தனீங்கள் எல்லோ, அது முழு அந்நியர், அது தான் பேச்சு மூச்சு இல்லை.

அந்த நடுத்தர ஆக்கள் உங்களுக்கு இருக்கினம். உங்கட பல்கலைக்கழகத்தின்ர பக்கத்துக்குப் போனால் பழைய மாணவர் எண்டு ஒரு பகுதி வரும், அதில எந்த ஊரில இருக்கினம், எங்க வேலை, என்ன படிச்சவை எண்டு பிரிச்சுப் பாக்கலாம். ஒண்டை மறந்திடாதேங்கோ, பம்பைமடு 2021 ஆகஸ்ட்டில தான் தனிப் பல்கலைக்கழகம் ஆனது, அதுக்கு முன்னம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர வவுனியா வளாகம். அப்ப படிச்ச அண்ணாமார் அக்காமார் கனபேர் யாழ்ப்பாணத்தின்ர பேரிலயே கிடப்பினம், ரெண்டு பேரிலயும் தேடுங்கோ, உத்தியோகத்தில ஏறி இருக்கிற ஆக்கள் அந்தப் பழைய பேரில தான் கூட. பிறகு டொரண்டோவிலயோ லண்டனிலயோ மாமா, சித்தி எண்டு ஆராவது இருந்தால் காசு கேக்காமல் "உங்கட வேலையிடத்தில கணக்குப் பகுதியில இருக்கிற ஒராளை எனக்கு அறிமுகப்படுத்தி விடுவியளோ" எண்டு கேளுங்கோ. காசு கேட்டால் நெளியிற ஆக்களும் இதைச் சந்தோசமாச் செய்வினம்.

எழுதேக்க சிவியைத் தூக்கிப் போடாதேங்கோ, வேலை இருக்கோ எண்டும் கேளாதேங்கோ, இல்லை எண்டு சொல்ல ஆருக்கும் சங்கடம், அதால பேசாமல் விட்டிடுவினம். ஒரு நிமிசத்தில பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி கேளுங்கோ. இப்பிடி:

"வணக்கம் அக்கா. நான் பம்பைமடுவில உங்கட பாடநெறி, உங்களுக்குப் பிறகு வந்த பட்ச். ஊரில மாதர் சங்கக் கணக்கு 2 வருசமா எழுதுறன். நீங்கள் கணக்காய்வில இருக்கிறதைப் பாத்தன். எக்ஸெலுக்கு அடுத்ததா எதைப் படிச்சால் உங்கட துறைக்கு உதவும்?"

எங்கட ஆள் எண்டால் தமிழிலயே எழுதலாம், மற்றவைக்கு இதையே சின்னச் சின்ன இங்கிலீசு வசனமா எழுதுங்கோ, 3 வருசத்துக்கு மேல இங்கிலீசில சோதினை எழுதின பிள்ளைக்கு இது வராதோ? காசு கட்டாத கணக்கில அழைப்போட குறிப்பு எழுத மாசத்துக்கு ஒரு சிலருக்குத் தான் விடும், அதுவும் 200 எழுத்துக்குள்ள, அதால அந்தச் சிலரை யோசிச்சுத் தெரிவு செய்யுங்கோ, மேல உள்ளதையும் சுருக்க வேண்டி வரும். பதில் வராட்டி 2 கிழமை பொறுத்து ஒரே ஒருக்கால் ஞாபகப்படுத்துங்கோ, அதுக்குப் பிறகு விடுங்கோ. பதில் வந்து அவ ஒண்டைப் படி எண்டு சொன்னால் அதைப் படிச்சுப்போட்டு ஒரு மாசத்தால போய் "படிச்சிட்டன் அக்கா, இந்த இடத்தில தான் கஷ்டப்பட்டன்" எண்டு சொல்லுங்கோ. நூற்றில ஒரு பிள்ளை கூட இப்பிடித் திரும்பி வாறேல்லை, வந்த பிள்ளையை மறக்கவும் ஏலாது. என்னட்டையே 2 பேர் தான் வந்தவை, ரெண்டு பேரின்ர பேரும் இப்பவும் ஞாபகம் இருக்கு.

அண்ணா ஏசுறது பயத்தில, அவரோட சண்டை பிடியாதேங்கோ, பக்கத்தில இருத்தி செட்டிங்ஸைக் காட்டுங்கோ. ஃபோட்டோவை ஆர் பாக்கலாம் எண்டதை உங்களோட இணைஞ்ச ஆக்களுக்கு மட்டும் எண்டு வைக்கலாம். ஃபோன் நம்பர் போட வேண்டாம். ஆராவது "ஹாய் வடிவா இருக்கிறீங்கள்" எண்டு வந்தால் கனெக்சனை எடுத்து விடுங்கோ, அந்த ஆளுக்கு அறிவித்தலும் போகாது. ஃபோட்டோவுக்கு ஸ்டூடியோவும் தேவையில்லை, காலமை 8 மணி போல விறாந்தையில வெளிச்சத்தைப் பாத்து நில்லுங்கோ, பின்னால கொடியில உடுப்புக் கிடக்காமல் பாருங்கோ, அண்ணாவையே எடுக்கச் சொல்லுங்கோ. அவர் எடுத்த ஃபோட்டோ எண்டால் ஏச்சும் பாதி குறையும்.

அம்மா சொல்லுறதையும் தள்ளாதேங்கோ. வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பாருங்கோ, போட்டிப் பரீட்சைக்குப் போடுங்கோ. ஆனால் அதுக்காக மற்றதைப் பூட்டி வைக்க வேண்டாம், ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் இதுக்குப் போதும்.

கேள்வி: லிங்க்ட்இன்ல ஆற்றையும் பக்கத்தைப் போய்ப் பாத்தால் அவைக்குத் தெரியுமோ? பயத்தில நான் ஒருத்தரின்ர பக்கத்துக்கும் போறேல்லை.
- மாங்குளம்

பதில்: சாதாரணமாத் தெரியும். தெரியக்கூடாது எண்டால் பிரைவேட் மோட் எண்டு ஒண்டு இருக்கு, ஆனால் அதைப் போட்டால் இலவசக் கணக்கில உங்களைப் பாத்தது ஆர் எண்டு உங்களுக்கும் காட்டாது. நான் சொல்லுறது, போடாதேங்கோ. படலைக்கால எட்டிப் பாத்த பிள்ளை ஆர் எண்டு அவையும் திரும்ப வந்து பாப்பினம், அது உங்களுக்கு நல்லது தானே.

கேள்வி: அக்கா, தாய்லாந்தில டேட்டா என்ட்ரி வேலை, மாசம் 1500 டொலர், சாப்பாடு தங்குமிடம் இலவசம் எண்டு லிங்க்ட்இன்ல ஒரு மேடம் மெசேஜ் போட்டவ. விசிட் விசாவில வந்தால் போதும், அங்க மாத்தலாம் எண்டுறா. பாஸ்போர்ட் கொப்பியும் 75,000 ரூபாயும் கேக்கினம். அப்பா தோட்டத்தை ஈடு வைக்கலாம் எண்டு சொல்லுறார். உங்கட அபிப்பிராயம்?
- கிளிநொச்சி, ஆண், 24

பதில்: தம்பி, அப்பாவை நிப்பாட்டுங்கோ. இண்டைக்கே.

இதே கதையைச் சொல்லித் தான் இலங்கைப் பிள்ளையளைத் தாய்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லை கடத்தி மியன்மாரில மியாவடிப் பக்கத்து முகாம்களில அடைச்சு, இணைய மோசடி வேலை செய்ய வைச்சவங்கள், மாட்டன் எண்டவையை அடிச்சும் இருக்கிறாங்கள். அதில படிச்ச, கொம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளையளும் இருந்தவை. லிங்க்ட்இன்ல வந்த மெசேஜ் எண்ட உடன நம்பாதேங்கோ, ஒரு கொம்பனியின்ர பேரைப் போட்டு ஆரும் கணக்குத் திறக்கலாம். அந்த மேடமின்ர கணக்கு எப்ப திறந்தது, எத்தினை பேரோட இணைஞ்சிருக்கு, அந்தக் கொம்பனியில வேலை செய்யிற வேற ஆக்கள் ஒருத்தராவது தெரியினமோ எண்டு பாருங்கோ. விசிட் விசாவில வா எண்டு சொன்னதே போதும், மிச்சத்தை நான் பாக்கத் தேவையில்லை.

வெளிநாட்டு வேலை எண்டால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில அனுமதி எடுத்த முகவர் தானோ எண்டு முதல்ல பாக்க வேணும், 1989 எண்ட இலக்கத்துக்கு அடிச்சுக் கேக்கலாம். பாஸ்போர்ட் கொப்பி இன்னும் அனுப்பேல்லை எண்டால் அனுப்பாதேங்கோ. அனுப்பியிட்டீங்கள் எண்டால் மெசேஜ் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைச்சுக்கொண்டு, லிங்க்ட்இன்ல அந்தக் கணக்கை ரிப்போர்ட் பண்ணி பிளொக் செய்யுங்கோ, பிறகு அதுகளைக் கொண்டு பொலிசுக்குப் போங்கோ. வெக்கப்பட ஒண்டும் இல்லை, நீங்கள் வேலை தேடினனீங்கள், அவங்கள் பொய் சொன்னவங்கள்.

தோட்டத்து உறுதியை அப்பாட்ட இருந்து வாங்கி அம்மாட்டக் குடுத்து வையுங்கோ. என்ன படிச்சனீங்கள் எண்டு எழுதேல்லை, அதை எழுதி அனுப்புங்கோ, அடுத்த இதழுக்குப் பாத்துக்கொண்டிருக்காமல் நேரா உங்களுக்கே பதில் போடுறன்.