16 இன்ச் அலாய் போட்டால் மைலேஜ் கூடுமா?

கேள்வி: என் கார் 2019 ஸ்விஃப்ட். இரும்பு டிஸ்க், 165/80 ஆர்14 டயர். 16 இன்ச் அலாயில் 205/60 ஆர்16 போட்டால் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், மைலேஜும் கூடும் என்கிறார் டயர் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: அந்த அளவு வேண்டாம். ஏன் என்பதை நீங்களே போனில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 165-ல் 80 சதவீதம் 132 மி.மீ. இது ஒரு பக்கச் சுவரின் உயரம். மேலும் கீழுமாக 264. அதோடு 14 இன்ச், அதாவது 356 மி.மீ. சேர்த்தால் சக்கரத்தின் மொத்த உயரம் 620. அவர் சொல்லும் டயருக்கு இதே கணக்கைப் போட்டால் 652 வருகிறது. 32 மி.மீ., அதாவது 5 சதவீதம் அதிகம். 3 சதவீதத்தைத் தாண்டினாலே நான் வேண்டாம் என்பேன்.

பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது. முள் 80 காட்டும்போது நீங்கள் 84-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். கிலோமீட்டரும் குறைவாகப் பதிவாவதால் மீட்டரைப் பார்த்துப் போடும் மைலேஜ் கணக்கு இறங்கத்தான் செய்யும். அகலமும் எடையும் கூடுவதால் உண்மையான மைலேஜும் குறையும். மேட்டில் இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் கேட்கும். ஸ்டியரிங் முழுதாக ஒடித்தால் மட்கார்டு லைனிங்கில் உரசும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் பள்ளத்தில் இறங்கும்போதும் உரசும். காய்ந்த ரோட்டில் பிடிமானம் கூடும் என்பது நிஜம்தான். ஆனால் தேங்கிய மழைநீரில் அகல டயர் மிதக்கும், ஒல்லி டயர் நீரைக் கிழித்துக்கொண்டு போகும்.

அழகுக்காக மாற்றியே ஆக வேண்டுமென்றால் 15 இன்ச்சில் 185/65 போடுங்கள். இதே காரின் மேல் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு, உயரம் 2 மி.மீ.தான் வித்தியாசம். 195/55 ஆர்16 கணக்கில் சரியாக வரும். ஆனால் பக்கச் சுவர் 107 மி.மீ.தான். பெயின்ட் அடிக்காத வேகத்தடையும் மூடாத பள்ளமும் நிறைந்த நம் ரோட்டில் முதல் அடி ரிம்முக்கு விழும். இதையெல்லாம் ஷோரூமில் சொல்ல வேண்டும். அவர்களோ ‘வாரன்டி போயிடும் சார்’ என்று மிரட்டுவதோடு சரி. எந்த அளவு போடலாம் என்று எழுதிக் கேட்டால் ஆள் இருக்க மாட்டார்.

இனி கடையில் ஏமாறும் இடம். ஸ்விஃப்ட்டுக்கு நான்கு போல்ட், அவை உட்காரும் வட்டம் 100 மி.மீ., நடு ஓட்டை 54.1 மி.மீ. வெளிச்சந்தை அலாய்கள் எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாகவே வெட்டி வருகின்றன. அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போட வேண்டும். போடாவிட்டால் 80, 90-ல் ஸ்டியரிங் நடுங்கும். கடைக்காரர் ‘பாலன்சிங்தான்’ என்று ஈயத்தை ஒட்டி ஒட்டி ஒவ்வொரு முறையும் காசு வாங்குவார். ரிம் உள்ளே இடிக்கிறது என்று ஸ்பேசர், அதாவது சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் தகடு, நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பேரிங்குக்கு அதுதான் எமன். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ‘புது ஸ்டாக்’ என்று பழசைத் தள்ளிவிடுவது சாதாரணம். கழற்றிய உங்கள் டயரை அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள், அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். பில் வாங்கி, அலாயை இன்ஷூரன்ஸில் கூடுதல் பொருளாகச் சேர்த்துவிடுங்கள்.

ஸ்டெப்னி பற்றி: 185/65 ஆர்15 போட்டால் பழைய 14 இன்ச் ஸ்டெப்னியே போதும், உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டலாம். ஆனால் அலாயோடு வேறு நட்டு கொடுத்திருந்தால் அது இரும்பு டிஸ்க்கில் சரியாக உட்காராமல் போகலாம். ராத்திரி நேரத்தில் அதை நடுரோட்டில் கண்டுபிடிப்பது கொடுமை. பழைய நட்டு நான்கையும் ஒரு துணிப்பையில் கட்டி ஜாக்கியோடு டிக்கியில் போட்டு வையுங்கள்.