மலிவான கணினியை ஓவர்கிளாக் செய்து பெஞ்ச்மார்க் தரவரிசையில் இடம்பிடிக்க முடியுமா?

கையில் அதிகப் பணமில்லாத ஒருவர் விலை குறைந்த கணினியை ஓவர்கிளாக் செய்து, அதாவது பிராசசரை அதற்கு நிர்ணயித்த வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓட்டி, பெஞ்ச்மார்க் எனப்படும் வேகச் சோதனைகளின் முடிவுகளைப் பதிவிடத் தொடங்கலாமா, தொடங்குவதென்றால் எதை வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்கலாம். எச்டபிள்யூபாட் போன்ற தரவரிசைத் தளங்களில் ஒவ்வொரு பிராசசர் மாடலுக்கும் தனிப் பட்டியல் உண்டு. எனவே உங்கள் மலிவான பிராசசர், பத்து மடங்கு விலையுள்ள ஒன்றோடு மோத வேண்டியதில்லை. அதே மாடலை வைத்திருக்கும் மற்றவர்களின் முடிவுகளோடுதான் அது ஒப்பிடப்படும். அங்கே முன்னுக்கு வருவதற்குப் பணத்தைவிடப் பொறுமையும், பயாஸ் (கணினி தொடங்கும்போது வன்பொருளை அமைக்கும் நிரல்) அமைப்புகளைப் பற்றிய தெளிவும் அதிகம் உதவுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

மலிவான பிராசசர்களுக்கு இத்துறையில் நல்ல மரியாதை உண்டு. 1998இல் வெளிவந்த செலரான் 300ஏ அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் பஸ் (பிராசசரை மற்ற பாகங்களுடன் இணைக்கும் பாதை) வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 ஆக மாற்றினால், பிராசசரின் வேகம் பஸ் வேகத்தின் எத்தனை மடங்கு என்பதைக் குறிக்கும் மல்டிபிளையர் 4.5 என நிலையாக இருந்ததால் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் கேஷ் (பிராசசருக்கான சிறிய, வேகமான நினைவகம்) வெறும் 128 கிலோபைட்தான் என்றாலும் பிராசசரின் முழு வேகத்திலேயே இயங்கியதால், பாதி வேகக் கேஷைக் கொண்ட பென்டியம் 2க்குப் பல வேலைகளில் அது ஈடுகொடுத்தது. பின்னாளில் செலரான் டி 352 என்ற மற்றொரு மலிவான பிராசசர், திரவ நைட்ரஜன் குளிரூட்டலில் 8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி, உலக அதிர்வெண் பட்டியலின் உச்சத்தில் இருப்பவற்றுள் ஒன்றானது.

இன்று தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது இன்டெல் பென்டியம் ஜி3258. பென்டியம் பெயரின் இருபதாம் ஆண்டையொட்டி 2014இல் 72 டாலர் விலையில் வெளியிடப்பட்ட இதில் இரண்டு கோர்கள், 3 மெகாபைட் கேஷ், 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகம், இவற்றோடு பூட்டப்படாத மல்டிபிளையரும் உண்டு. இரண்டு கோர்களில் இரண்டு திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்கள்) மட்டுமே ஓடுவதாலும், ஏவிஎக்ஸ் எனும் கணக்கீட்டுக் கட்டளைகள் இல்லாததாலும் புதிய விளையாட்டுகளுக்கு இது ஏற்றதன்று. அதனாலேயே பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. பை எண்ணைப் பல இலக்கங்களுக்குக் கணக்கிடும் சூப்பர் பை போன்ற பெஞ்ச்மார்க்குகளோ ஒரே கோரில் ஓடுபவை. அங்கே கோர்களின் எண்ணிக்கை பொருட்டில்லை. காற்றுக் குளிரூட்டலிலேயே பெரும்பாலும் 4.4 முதல் 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டக்கூடிய இந்தப் பிராசசரின் ஒற்றைக் கோர் வேகந்தான் பேசும்.

மதர்போர்டு விஷயத்தில் இசட்97 சிப்செட் (பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லு) உள்ளது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எச்81, பி85 பலகைகளிலும் வழியுண்டு; இன்டெல் அவற்றை ஓவர்கிளாக்கிற்கென வடிவமைக்கவில்லை என்றாலும், பல தயாரிப்பாளர்கள் பயாஸ் மேம்படுத்தல் மூலம் மல்டிபிளையரை உயர்த்தும் வசதியைத் திறந்துவிட்டார்கள். வாங்குமுன் அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கு அப்படியொரு பயாஸ் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10 வந்தபோது அதனுடன் வந்த மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரலுக்கான திருத்தம்) காரணமாக, இத்தகைய பலகைகளில் ஜி3258 தொடங்கும்போதே உறைந்துபோன சிக்கலும் உண்டு என்பதால், விண்டோஸ் 7ஐயே நான் பரிந்துரைப்பேன். அதற்கு இன்னொரு வலுவான காரணத்தையும் கீழே சொல்கிறேன். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய பலகை வாங்குவதானால், சாக்கெட்டின் மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒரு பின்கூட வளைந்திருக்கவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள்.

செலவைக் குறைக்கக் கூடாத ஒரே இடம் பவர் சப்ளை. இந்தக் கணினிக்கு 400 வாட் தாராளமாகப் போதும். ஆனால் அது நம்பகமான தயாரிப்பாளரின் 400 வாட்டாக இருக்க வேண்டுமே தவிர, பெட்டியின் மேல் 600 என்று அச்சிட்ட பெயர் தெரியாத ஒன்றாக இருக்கக் கூடாது.

வெப்பத்தின் கணக்கைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும். பிராசசர் செலவிட்டு வெப்பமாக வெளியிடும் மின்திறன் ஏறத்தாழ அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. 1.05 வோல்ட்டில் 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடிய பிராசசரை 1.25 வோல்ட்டில் 4.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுசெல்வதாக வைத்துக்கொள்வோம். வேகம் 37.5 விழுக்காடு கூடுகிறது. வெப்பமோ கிட்டத்தட்ட இருமடங்காகிறது. எனவே கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜை அள்ளிக் கொடுப்பது, குறைந்த செலவில் செய்பவருக்கு மிக மோசமான பேரம். பிராசசருடன் வரும் சிறிய கூலரை மாற்றி, வெப்பக் குழாய்கள் உள்ள எளிய டவர் கூலர் ஒன்றைப் பொருத்துங்கள். எச்81 பலகைகளில் பிராசசருக்கு மின்சாரம் வழங்கும் விஆர்எம் பகுதியில் பெரும்பாலும் ஹீட்சிங்க் இருக்காது. அதன்மீது ஒரு பழைய மின்விசிறியைத் திருப்பி வைத்தாலே நல்ல வேறுபாடு தெரியும். கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறைக் காற்றைவிடக் கீழே அதனால் குளிர்விக்க முடியாது. நம் ஊர்க் கோடையில் நண்பகலுக்கும் விடியற்காலைக்கும் உள்ள பத்து டிகிரி வேறுபாடு அப்படியே பிராசசரின் வெப்பநிலையில் தெரியும் என்பதால், முக்கியமான ஓட்டங்களை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸில் முதலில் கோர் மல்டிபிளையரை மட்டும் படிப்படியாக உயர்த்துங்கள். ரிங் எனப்படும் கேஷ் வேகத்தை இயல்பிலேயே விட்டுவிடுங்கள். கோரின் எல்லை தெரிந்த பிறகு ரிங்கை உயர்த்தலாம். இரண்டையும் ஒருசேர உயர்த்தினால், கணினி நின்றுபோகும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. மல்டிபிளையரால் பெருக்கப்படும் அடிப்படைக் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். இந்தத் தலைமுறையில் விரிவாக்க அட்டைகளுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பும் அதனோடு சேர்ந்தே நகர்வதால் அதிகம் அசைக்க முடியாது. ஆயினும் 44 மல்டிபிளையரில் 102 வைத்தால் 4,488 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது. 45 ஓடாத பிராசசருக்கு அந்த 88 மெகாஹெர்ட்ஸ் பட்டியலில் சில இடங்களை வாங்கித் தரும். அன்றாடப் பயன்பாட்டுக்கு வேண்டிய நிலைத்தன்மையும், ஒரு பெஞ்ச்மார்க்கை முடிக்க வேண்டிய நிலைத்தன்மையும் வெவ்வேறு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சுமார் பத்து லட்சம் இலக்கங்களுக்கான சூப்பர் பை 1எம் சுமார் பத்து வினாடியில் முடிந்துவிடும், 32எம்முக்குப் பல நிமிடங்கள் ஆகும். எனவே இரண்டுக்கும் ஒரே வேகத்தை வைக்க வேண்டிய தேவை இல்லை.

தொடங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது ரேமைத்தான். செலவே இல்லாத முன்னேற்றம் இங்கேதான் அதிகம் கிடக்கிறது. ஒரு பெரிய ரேமுக்குப் பதிலாக இரண்டு சிறிய ரேம்களைப் போட்டு இரட்டைச் சேனலில் ஓட்டுங்கள். எச்81 பலகையில் ரேமின் அதிர்வெண்ணை உயர்த்த இடமில்லாவிட்டாலும் டைமிங்குகளை (ரேம் பதிலளிக்க எடுக்கும் கிளாக் எண்ணிக்கைகளை) இறுக்கலாம். டிடிஆர்3-1333 ரேமில் சிஎல் என்ற டைமிங் 9 என்பது 13.5 நானோவினாடித் தாமதம். சிஎல் 7 ஆக்கினால் அது 10.5 நானோவினாடியாகிறது. சூப்பர் பை 32எம் கேஷுக்குள் அடங்காமல் ரேமைத் தொடர்ந்து நாடும் கணக்கு என்பதால், இந்த வேறுபாடு முடிவில் நேரடியாகத் தெரியும். ஆடம்பர ஹீட்சிங்க் போட்ட ரேமைத் தேடி அலைய வேண்டாம். சாம்சங்கின் 30 நானோமீட்டர் சில்லுகள் கொண்ட, பச்சை நிறச் சாதாரண ரேம்கள் ஓவர்கிளாக் செய்பவர்களிடையே பெயர் பெற்றவை. பழைய ரேம்களுக்கிடையே அவை கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஒவ்வொரு டைமிங் மாற்றத்துக்குப் பிறகும் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை நிரலை ஓட்டிப் பாருங்கள். பிழையுள்ள ரேமுடன் விண்டோஸைத் தொடங்கினால், வட்டிலுள்ள கோப்புகளே சிதையக்கூடும். அதனால் பெஞ்ச்மார்க்கிற்கென ஒரு பழைய சிறிய எஸ்எஸ்டியை ஒதுக்கிவிடுவது நல்லது. சொந்தக் கோப்புகள் எவையும் அதில் இருக்கக் கூடாது.

விண்டோஸ் 7க்கான இன்னொரு காரணம் நேர அளவீடு. விண்டோஸ் 8இல், இயங்கிக்கொண்டிருக்கும்போதே அடிப்படைக் கிளாக்கை மாற்றினால், கணினியின் கடிகாரமே பிசகி உண்மையைவிடச் சிறந்த முடிவைக் காட்டியது; 2013இல் எச்டபிள்யூபாட் அந்த இயங்குதளத்தின் முடிவுகளை ஏற்க மறுத்தது இதனால்தான். பிறகு வந்த பெஞ்ச்மேட் என்ற மென்பொருள், நேர அளவீட்டைச் சரிபார்த்து முடிவுகளுக்குச் சான்றளிக்கிறது. எந்த பெஞ்ச்மார்க்குக்கு எது கட்டாயம் என்பதை அந்தந்த விதிப் பக்கத்தில் படித்துவிட்டுத் தொடங்குங்கள். ஓட்டத்துக்கு முன் பின்னணிச் சேவைகளை நிறுத்தி, இணையத்தைத் துண்டித்து, ஒரே அமைப்பில் பலமுறை ஓட்டுங்கள். முடிவுகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு நீங்கள் செய்த மாற்றத்தின் பலனைவிடப் பெரிதாக இருந்தால், அந்த மாற்றம் பலித்ததாகக் கொள்ளக் கூடாது.

பிராசசரின் உலோக மூடியைக் கழற்றி உள்ளேயிருக்கும் பேஸ்ட்டை மாற்றும் வேலையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். வெப்பம் குறைவது உண்மைதான். ஆனால் கை சற்றுத் தவறினாலும் சில்லு போய்விடும், மாற்று ஒன்றை வாங்கிய பின் முயல்வதே முறை. முடிவைப் பதிவிடும்போது பெஞ்ச்மார்க் சாளரத்துடன், வன்பொருள் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் நிரலின் பிராசசர், நினைவகம் ஆகிய இரண்டு சாளரங்களும் ஒரே திரைப்பிடிப்பில் முழுமையாகத் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று மறைந்திருந்தாலும் நல்ல முடிவு நீக்கப்படலாம்.