ஏர்டிராப் கெடுவை நீட்டிக்க வாக்கெடுப்பு: ஆதரிக்கலாமா?

பாம்பனிலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு: ஒரு கிரிப்டோ திட்டம் ஏர்டிராப்பாக, அதாவது இலவசமாகப் பகிரும் டோக்கனை (டிஜிட்டல் நாணயம்) கடலுக்குப் போனவர்கள் கெடுவுக்குள் எடுக்கவில்லை, இன்னும் 3 மாதம் கொடுத்தால் என்ன என்பது உங்கள் கேள்வி. நம் கரையில் டோக்கன் என்றாலே படகுக்கு மீன்வளத்துறை கொடுப்பதுதான். அது அதிகாரி கையில் இருக்கிறது, இந்த ஏர்டிராப் டோக்கன் கணினி நிரலுக்குள் இருக்கிறது.

முதலில் ஸ்மார்ட் கான்ட்ராக்டை, அதாவது டோக்கனைத் தானாகப் பகிரும் அந்த நிரலைத் திறந்து பாருங்கள். முடிவு நேரம் மாற்ற முடியாதபடி எழுதப்பட்டிருந்தால் நூற்றுக்கு நூறு வாக்கு விழுந்தாலும் ஒரு நிமிடம்கூட நகராது. அப்போது நீட்டிக்க, மிச்சத்தைத் திட்டத்தின் பொதுக் கருவூலத்துக்கு இழுத்து, வாங்காத வாலட் முகவரிகளை மட்டும் வைத்து புது மெர்க்கிள் ரூட் (தகுதியானோர் பட்டியலின் சுருக்கக் குறி) போட்டு, புது கான்ட்ராக்ட் இறக்க வேண்டும். பழைய கான்ட்ராக்டில் எடுக்கும் வழி மூடுமுன் புதியதைத் திறந்தால் ஒரே முகவரி இரண்டு தடவை வாங்கிவிடும். புது நிரலில் பிழை இருக்கிறதா என்று தணிக்கை செய்யும் செலவு தனி.

2020இல் யூனிஸ்வாப் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளம், பயன்படுத்திய ஒவ்வொரு முகவரிக்கும் 400 யூஎன்ஐ (அதன் டோக்கன்) கொடுத்தபோது கெடுவே வைக்கவில்லை. 2023இல் ஆர்பிட்ரம் என்ற பிளாக்செயின் திட்டம் ஆறு மாதம் வைத்தது; மிஞ்சிய சுமார் 6.9 கோடி டோக்கன் கருவூலத்துக்குப் போனது.

என் கணக்கில், கிளெய்ம் பக்கம் (டோக்கனை எடுக்கும் இணையப் பக்கம்) முடங்கியது போன்ற பிழை இருந்தால் ஒரே ஒரு முறை, 30 நாள் நீட்டிக்கலாம். வெறும் மறதிக்கு வேண்டாம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுக்கக் கரையில் இருந்தும் எடுக்காதவர் இன்னொரு கெடுவிலும் எடுக்கமாட்டார்!

நீட்டிப்பு அறிவித்த அன்றே வாட்ஸ்அப்பில் போலி லிங்க் சுற்றும். கிளெய்ம் செய்ய கேஸ் கட்டணமும் (பிளாக்செயினில் பரிவர்த்தனைக்கான கட்டணம்) வாலட்டில் ஒரு கையொப்பமும் போதும். "அப்ரூவ்" (உங்கள் டோக்கனை எடுத்துக்கொள்ள அனுமதி) கேட்டாலோ வாலட்டின் ரகசிய 12 சொல் கேட்டாலோ உடனே மூடிவிடுங்கள்.