பின்பக்கமாக விழும் தம்பி: ஊசியில் ஏறிய மங்கனீசு

கேள்வி (மல்லாவி): ஐரோப்பா போகும் வழியில் உக்ரைனில் தங்கியிருந்த என் தம்பி (31), அங்கே கூட்டாளிமார் அறையில் தயாரித்த மெத்கத்தினோன் என்ற போதை மருந்தை ஊசியால் ஏற்றியிருக்கிறான். விட்டு ஐந்து மாதம். இப்போது பேச்சுக் குளறுகிறது, பின்பக்கமாக விழுகிறான். பார்க்கின்சன் குளிசை கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இது பெரும்பாலும் மங்கனீசு என்ற உலோகம் உடலில் கூடியதால் வந்த நஞ்சேற்றம். இதே ஊசியால் முடங்கிய இளைஞர்கள் உக்ரைன், லத்வியா, ஜோர்ஜியாவில் பலர். லத்வியா நோயாளர் பற்றிய ஆய்வு 2008இல் வந்தது. தயாரிப்பில் சேரும் மங்கனீசு கரைந்தே இருக்கும், துணியோ பஞ்சோ அதைப் பிடிக்காது. சாப்பாட்டில் வருவதில் சிறு பங்கைத்தான் குடல் உள்ளே விடும்; ஊசி அந்தத் தடையைத் தாண்டிவிடுகிறது. மூளையின் ஆழத்தில், அசைவை ஒழுங்குபடுத்தும் இடத்தில் அது படிகிறது. பார்க்கின்சனில், அசைவுக்கான செய்தியைக் கடத்தும் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் மூளைக் கலங்கள் அழியும். இங்கே பழுது, அந்தச் செய்தியை வாங்கும் அடுத்த கட்டத்தில். டோபமினை ஈடுசெய்யும் லெவோடோபா என்ற பார்க்கின்சன் குளிசை கேட்காதது அதனால்தான். அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போட வேண்டாம். டீ-1 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் மங்கனீசு படிந்த இடத்தில் தெரியும் வெண்மை, ஊசியை விட்ட சில மாதங்களில் மங்கிவிடும். பிறகு எடுத்த படம் சுத்தமாக இருந்தாலும் நோய் இல்லை என்றாகாது. இதற்குச் சாய ஊசி தேவையில்லை. கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையில் கடிதம் வாங்கி யாழ். போதனா வைத்தியசாலை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். என்ன ஏற்றினான், எவ்வளவு காலம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரியாமல் இந்த நோயைப் பிடிப்பது மிகக் கடினம்.

உலோகத்தை வெளியேற்றும் ஈ.டி.டி.ஏ. ஊசி மங்கனீசைச் சிறுநீரில் இறக்கும். ஆனால் அதனால் நடை பழையபடி திரும்புவது அரிது. கொடுப்பதானால் கல்சியம் சேர்ந்த வகை மட்டுமே. மற்றது குருதிக் கல்சியத்தை உயிராபத்தான அளவுக்கு இறக்கிவிடும். முதலில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் குருதிப் பரிசோதனையைப் பாருங்கள்: வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள இடம், பழுதான சிறுநீரகத்தை இந்த ஊசி மேலும் கெடுக்கும்.

முழுக் குணம் வரும் என்று சொல்ல மனம் விரும்பினாலும் சொல்ல முடியாது. ஊசியை விட்ட பிறகும் சிலருக்கு மோசமாகிறது. ஆனால் விழுகையைக் குறைக்கலாம். பின்னால் அடி வைக்க விடாதீர்கள், திரும்பும்போது அகலமாக வளைந்து திரும்பட்டும். கட்டில்லாத கிணற்றடியில் தனியே குளிக்க வேண்டாம். விழுங்கும்போது இருமினால் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

எச்.ஐ.வி., ஹெப்பற்றைற்றிஸ் பி, சி பரிசோதனைகளும் அவசியம். மங்கனீசைப் பித்தத்தில் கழிப்பது ஈரல். அது பழுதானால் உலோகம் உடலில் தங்கும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தாலும் மங்கனீசு கூடுதலாக ஏறும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.