பயணிகள் பலர் ஒரே அறையில் படுக்கும் ஹாஸ்டல் டார்மில் முதல் முறையாகத் தங்கப் போகிறேன், பயமாக இருக்கிறது. உங்கள் அனுபவம் என்ன?

தாராளமாகத் தங்குங்கள். ஒரு பூட்டு மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதைச் சொல்ல அன்று ஆளில்லை.

2019 ஜனவரி. நான் தனியாகப் போன முதல் பயணம், காசிக்கு. கங்கா காவேரி ரயிலில் இரண்டு இரவு. அதற்கு மேல் வடக்கே பனிமூட்டத்தில் வண்டி ஆறு மணி நேரம் தாமதம். "நகரத்தார் சத்திரம் இருக்கும்போது முன்பின் தெரியாதவங்களோட எதுக்குடி?" என்று அம்மா கிளம்பும்வரை கேட்டார். அஸ்ஸி காட் என்ற படித்துறைக்குப் பக்கத்தில், பெண்களுக்கு மட்டுமான ஆறு படுக்கை அறையில் ஓர் இடம் பிடித்திருந்தேன். இரவுக்கு 450 ரூபாய்.

ரிசப்ஷனில் பான் கார்டை நீட்டினேன். அதில் முகவரி இல்லை, ஆகாது என்றார்கள். ஆதார் இருந்ததால் பிழைத்தேன்.

அறையில் இரும்பு அடுக்குக் கட்டில்கள். எனக்குக் கீழ்ப் படுக்கை, அதற்கடியில் லாக்கர். லாக்கரில் கொக்கி இருந்தது, பூட்டு இல்லை. பூட்டு நம்முடையதாம். என் சூட்கேஸின் குட்டி நம்பர் பூட்டை மாட்டிப் பார்த்தேன். வளையம் நுழைந்தது, மூடுவதற்கு எட்டவில்லை. விரல் சிவக்க அழுத்திப் பார்த்துவிட்டு, பர்ஸையும் போனையும் தலையணைக்கடியில் செருகிக்கொண்டு படுத்தேன். கண்ணை மூடினாலும் கை அங்கேயே இருந்தது.

எதிர்க் கட்டிலில் ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும், நாக்பூர்க்காரர். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எழுந்து வந்து ஒரு பித்தளைப் பூட்டை என் உள்ளங்கையில் வைத்தார். சாவி சிவப்பு நூலில் கோத்திருந்தது. "ரக் லோ, பேட்டி" (வைத்துக்கொள், மகளே) என்றார். அதன்பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

என்னைக் கேட்டால், டார்மில் ஆட்களை நினைத்துப் பயப்படுவதைவிடச் சத்தத்துக்குத் தயாராகப் போவது நல்லது. விடியற்காலை நான்கு மணிக்கு யாரோ ரயிலுக்குக் கிளம்பினார்கள். பிளாஸ்டிக் கவரைச் சரசரவென்று திறந்து மூடி, திறந்து மூடி, பத்து நிமிடம். மற்ற எல்லோரும் விழித்துவிட்டோம். சீக்கிரம் கிளம்புகிறவர் நீங்கள் என்றால் இரவே மூட்டை கட்டி வையுங்கள். துணிப்பைகளில் கட்டினால் சத்தமே வராது. காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பதிவு செய்யும்போதே கீழ்ப் படுக்கை கேளுங்கள். துண்டு தருவார்களா, இரவு எத்தனை மணிக்குக் கதவு சாத்துவார்கள் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். எல்லோரிடமும் பேசிப் பழக வேண்டும் என்று கட்டாயமில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டால் யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

நான் அந்த நாக்பூர் அம்மாவிடம் பேசினேன். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. தூக்கம் கலைந்ததும் இருவரும் அஸ்ஸி கரையில் விடியல் ஆரத்தி பார்த்துவிட்டு, படித்துறை ஓரமாகவே அனுமன் காட் வரை நடந்தோம். எங்கள் பாரதியார் இளவயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த இடம் இது என்று சொன்னேன். "எத்தனை வயசில் வந்தார்?" என்றார். பதினைந்து, பதினாறு இருக்கும் என்றேன். அப்படியே நின்று அந்தத் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மறுநாள் அவர் பிரயாகைக்குக் கிளம்பும்போது பூட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.