செட் தோசையும் ஸ்டீரியோ செட்டும்

கேள்வி: சின்ன வயதிலிருந்தே நான் பாட்டுப் பைத்தியம். ரிட்டையர் ஆன பணத்தில் நல்ல ஸ்டீரியோ செட் ஒன்று வாங்க ஆசை. 'இருக்கிற ரேடியோ போதாதா' என்கிறாள் மனைவி. எவ்வளவு வரை செலவழிக்கலாம்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ரேடியோ போதுமா போதாதா என்பது உங்கள் வீட்டு விவகாரம், நான் தலையிட மாட்டேன். என்னைப் பிடித்து இழுத்தது அந்த 'செட்'. மைக்செட், பம்புசெட், தாத்தாவின் பல்செட் என்று ஒரு காலத்தில் கௌரவமான சாமான் எல்லாமே செட்தான். அதில் இன்றைக்கும் மவுசு குறையாதது செட் தோசை. ஸ்டீரியோ என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் அதைத்தான் காட்டுவேன். தட்டில் இரண்டு இருக்கும், நடுவே இடைவெளி இருக்கும், அந்த இடைவெளிக்கு நேர் எதிரே நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். ஸ்பீக்கரும் அவ்வளவுதான். பெங்களூரில் மூன்று தோசை வைக்கிறார்கள், அவர்கள் ஹோம் தியேட்டர் கோஷ்டி. சைதாப்பேட்டை வடகறி இருக்கிறதே, அதுதான் சப்வூஃபர் என்கிற, அடித்தொனிக்கென்றே இருக்கும் தனிப் பெட்டி: இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும், ஒரு கரண்டி கூடிவிட்டால் ராத்திரி முழுக்க அடிவயிற்றில் அதிர்ந்துகொண்டே இருக்கும். (வடகறி பற்றி முன்பு எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டதே போதும், நிறுத்திக்கொள்கிறேன்.)

இந்த ஸ்டீரியோவுக்கு 1931-லேயே காப்புரிமை கேட்டு எழுதிக் கொடுத்தவர் ஆலன் ப்ளூம்லைன் என்ற இங்கிலாந்துக்காரர். பிற்பாடு மனைவியான பெண்ணோடு சினிமாவுக்குப் போனாராம், திரையில் நடிகர் ஒரு பக்கம் நிற்க, குரல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்ததாம், இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று அவரிடம் சொன்னாராம். 1942-ல் ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து இறந்துபோனார், வயது 38. ஸ்டீரியோ எல்.பி. இசைத்தட்டுகள் கடைக்குப் பரவலாக வந்தது 1958-ல். மனுஷன் ஒன்றைக்கூட காசு கொடுத்து வாங்கிப் பார்க்கவில்லை.

சரி, என் கதை. சேமித்துச் சேமித்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினேன். மூன்று வருஷம் கேட்டேன். மிருதங்கத்தின் தொப்பி (கனமாகப் பேசும் இடது பக்கம்) மட்டும் எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்கும். ரெக்கார்டிங் சரியில்லை என்று பாவம், வித்வான்களையே திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அடுக்களையிலிருந்து வந்த என் மனைவி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "பாட்டுக்கு வயிறே இல்லையே, வயர் எதையாவது மாத்தி மாட்டிட்டீங்களா?" என்றாள். பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கிறது. ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது, ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது, முதலில் காணாமல் போவது பாஸ் என்கிற அடித்தொனிதான். தோசையைத் திருப்பிப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, வயரைத் திருப்பிப் போட்டால் மூன்று வருஷம் போச்சு.

அதனால்தான் தங்க முலாம் போட்ட வயரை முழம் போட்டு விற்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. வாங்கியவர் கண்ணை மூடிக்கொண்டு சாதா வயர் எது, அது எது என்று சொல்லட்டும், அப்புறம் பேசலாம். அந்தக் காசுக்கு இரண்டு ஜமுக்காளம் வாங்குங்கள். நம் வீடுகளில் மொசைக் தரை, வெறும் சுவர். கூடத்தில் நின்று ஒரு தட்டு கை தட்டினால் 'ட்ரிங்' என்று திரும்பி வருகிறதல்லவா, பாட்டும் அப்படித்தான் சுவரில் முட்டி வரும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இரும்பு பீரோ இருந்தால் தள்ளி வையுங்கள். குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் அதன் கதவு கூடவே பாடும்.

இன்னொன்று. உங்கள் வயதைப் பார்த்தால் ஐம்பது, அறுபதுகளின் சினிமாப் பாட்டுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று தோன்றுகிறது. அதெல்லாம் அநேகமாக மோனோ. இரண்டு பெட்டி வைத்தாலும் இரண்டிலும் ஒரே பாட்டுதான், அதாவது ஊத்தப்பம். அதற்குப் பிறகு 'ஸ்டீரியோ ஆக்கியிருக்கிறோம்' என்று எக்கோவைக் கரைத்து ஊற்றி விற்றவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தொகை கேட்டீர்கள். பென்ஷனில் கை வைக்காத தொகை எதுவோ அதுவரை. கடைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, விலைச் சீட்டைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள்.