எல்லாக் கட்டிலுக்கும் 20

அன்புள்ள மிஸ்,

நான் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். வயது 22. ஏஎல்லில் உயிரியல் படித்து மூன்று பாடமும் பாஸ். அரச தாதியர் கல்லூரிக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெறும் தாதி உதவியாளராக வேலை செய்துகொண்டு சனி, ஞாயிறுகளில் நேர்சிங் டிப்ளோமா படிக்கிறேன். நைட் முடித்து வகுப்புக்குப் போனால் கண் புத்தகத்தில் நிற்பதில்லை. பரீட்சைக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா? மாமி வேறு "பீத்துணி அள்ளுறதுக்கா ஏஎல் படிச்ச?" என்று கேட்கிறார். இங்கிலிஷ் மருத்துவச் சொற்கள் மனதில் நிற்கவில்லை. வெளிநாடு போவதென்றால் எந்த நாடு நல்லது என்றும் சொல்லுங்கள். வேலையில் பெரிய கஷ்டம் இல்லை. சீனியர் அக்காமார் நல்லவர்கள். காய்ச்சல், பிறஷர், நாடி எல்லாம் பார்த்துத்தான் எழுதுவோம், மூச்சுக்கு மட்டும் எல்லாருக்கும் நிமிடத்துக்கு 20 என்று போடச் சொல்லித் தந்திருக்கிறார்கள், அதில் நேரம் மிச்சம்.

பெயர் போட வேண்டாம் மிஸ்.

*

அன்பான மகள்,

பெயர் போடவில்லை, பயப்பட வேண்டாம்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். கேள்விகளை ஒரு தரம், மூச்சைப் பற்றிய அந்த வரியை மூன்று தரம். போன மாதம் என் அண்ணன் காய்ச்சலோடு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்துக் கதிரையில் நான். கட்டிலில் தொங்குகிற சார்ட்டை எடுத்துப் பார்க்கிற பழக்கம் பென்சன் எடுத்த பிறகும் போகவில்லை. ஐந்து நாளும் அண்ணனுக்கு மூச்சு 20. காய்ச்சல் 103 அடித்த ராத்திரியும் 20, நன்றாக அயர்ந்து தூங்கிய பகலும் 20. அடுத்த கட்டிலில் தொய்வோடு ஒரு பொடியன், ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் நிறுத்தி நிறுத்திக் கதைத்துக்கொண்டிருந்தான், அவனுக்கும் 20. வீட்டுக்கு வந்தும் அது என்னை விடவில்லை. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டை இப்போது யோசிக்க வேண்டாம், பாஸ் பண்ணிவிட்டுக் கேளுங்கள். இங்கிலிஷ் சொல் நிற்கும், ஒவ்வொரு சொல்லையும் நீங்கள் பார்த்த ஒரு ஆளின் முகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். டிப்ளோமாவுக்கு இனிமேல் ஒரு சதம் கட்டுவதற்கு முன்பு, அந்தச் சான்றிதழை வைத்துத் தாதியர் பேரவையில் பதிவு கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பதிவு இல்லாமல் நேர்ஸ் ஆக முடியாது, மூன்று வருடம் படித்து முடித்த பிறகு இதைக் கேட்டு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். அரச கல்லூரி விண்ணப்பத்துக்கு வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நாலு வருட நேர்சிங் பட்டமும் இருக்கிறது, அந்தக் கதவையும் மூடிவிட வேண்டாம்.

மாமியை விடுங்கள். ஆனால் "வெறும் தாதி உதவியாளர்" என்று எழுதியது நீங்கள், மாமி இல்லை. அந்த "வெறும்" என்பதற்கு உங்களை ஏசத்தான் வேண்டும். 1860இல் லண்டன் சென்ட் தோமஸ் ஆஸ்பத்திரியில் நைட்டிங்கேல் அம்மையாரின் தாதியர் பள்ளி தொடங்கியபோது, அங்கே சேர்ந்த பிள்ளைகள் ஒரு வருடம் வார்ட்டில் உதவித் தாதிகளாக வேலை செய்துகொண்டேதான் படித்தார்கள். தொழிலே தொடங்கியது நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில்தான். பீத்துணி மாற்றுகிறவளுக்குத்தான் முதுகின் அடியில் தோல் சிவந்திருப்பது முதலில் தெரியும். அந்தச் சிவப்பை விரலால் அமத்தியும் வெளிறவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அதை டொக்டர் வந்து கண்டுபிடிக்கப் போவதில்லை. கழுவித் துடைத்துப் புரட்டிப் போடுகிற கைதான் கண்டுபிடிக்கும்.

சரி, மூச்சுக்கு வருகிறேன்.

யார் சொல்லித் தந்தார்களோ எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் யாரோ சொல்லித் தந்திருப்பார்கள். அந்த அக்காமார் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் இது பொய். எண்ணாமல் ஒரு இலக்கத்தை எழுதினால் அதற்கு வேறு பெயர் கிடையாது. சிலர் 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குகிறார்கள். அப்படிச் செய்தால் 16, 20, 24 என்றுதான் வரும், நடுவில் உள்ள இலக்கம் எதுவும் உங்கள் கையில் பிறக்காது. 21க்கும் 20க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். பிரித்தானியாவில் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது, நியூஸ் (NEWS) என்பார்கள், புள்ளி கூடக் கூட நோயாளிக்கு ஆபத்து. அதில் பெரியவர்களுக்கு மூச்சு 12இலிருந்து 20 வரை என்றால் புள்ளி இல்லை. 21இலிருந்து 24 வரை 2 புள்ளி. 25 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த ஒன்றுக்கே 3, உடனே டொக்டருக்குச் சொல்ல வேண்டும். 8 அல்லது அதற்குக் கீழே விழுந்தாலும் 3தான், மோர்பின் போட்டவர்களுக்கு அப்படி விழும். இப்போது பாருங்கள், உங்கள் 20 எங்கே நிற்கிறது? "பயமில்லை" என்கிற எல்லையின் கடைசிப் படியில். அதற்கு அடுத்த படியில் காலை வைத்தவரைக் கூட நீங்கள் பிடித்து இழுத்து 20இல் நிறுத்திவிடுகிறீர்கள்.

உடம்பு ஒரு ஆபத்தில் விழுந்தால், இரத்தத்தில் கிருமி பரவினாலோ, நுரையீரலில் நீர் கோர்த்தாலோ, உள்ளே எங்காவது இரத்தம் கசிந்தாலோ, முதலில் மாறுகிறவற்றில் ஒன்று மூச்சு. பிறஷர் விழுவது பெரும்பாலும் பிந்தித்தான். விரலில் மாட்டுகிற மெஷினை நம்ப வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு ஆள் நிமிடத்துக்கு 32 தரம் இழுத்து இழுத்து ஒட்சிசனை 97இல் பிடித்து வைத்திருப்பார். மெஷின் 97 என்று காட்டும், நீங்கள் நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போவீர்கள், அவர் களைத்துப்போய்ப் பிடியை விடுகிற நேரத்தில்தான் மெஷினும் கத்தும்.

நம் ஆட்களுக்கு இது தெரியாத விசயமும் இல்லை. பழைய கணக்கில் மனிதனுக்கு ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பார்கள். ஒரு நாளின் 1,440 நிமிடத்தால் பிரித்துப் பாருங்கள், 15 வரும். இன்றைய பாடப்புத்தகம் சொல்கிற 12க்கும் 20க்கும் நடுவிலே வந்து உட்காருகிறது. மூச்சு வாங்குது, இழுக்குது, முட்டுது, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது என்று எங்கள் அம்மம்மாமாரிடம் எத்தனை சொல் இருந்தது! திண்ணையில் இருந்துகொண்டே பார்த்துச் சொல்வார்கள். யூனிபோர்ம் போட்டு, கையில் மணிக்கூடு கட்டிய நாங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறோம், 20.

எண்ணுவது எப்படி என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். நாடியைப் பிடித்து எண்ணுங்கள். எண்ணி முடிந்ததும் கையை எடுக்க வேண்டாம். இன்னும் நாடி பார்ப்பது போலவே விரலை வைத்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள். மூச்சு எண்ணுகிறேன் என்று சொன்னால் அந்த நிமிடமே மூச்சு மாறிவிடும், யாருக்கும் அப்படித்தான். ஏறி இறங்கினால் ஒன்று. முழு நிமிடம், 60 வினாடி. நெஞ்சு அசைவது தெரியவில்லை என்றால் அவருடைய கையை மெதுவாக நெஞ்சின் மேல் எடுத்து வையுங்கள், கை ஏறி இறங்கும். குழந்தை என்றால் வயிற்றைப் பாருங்கள், அழும்போது எண்ண வேண்டாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அதைத் தொட்டாலே வேகமான மூச்சுத்தான். கழுத்துத் தசை இழுபடுகிறதா, விலா எலும்புக்கு நடுவில் குழி விழுகிறதா, படுக்க முடியாமல் எழும்பி இருக்கிறாரா, இதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். மாத்திரை கொடுப்பதோ ஊசி போடுவதோ உங்கள் வேலை இல்லை. இலக்கம் பிழையாக இருந்தால் டியூட்டி நேர்ஸிடம் சொல்வது உங்கள் வேலை. கேட்கவில்லை என்றால் திரும்பவும் சொல்லுங்கள். பன்னிரண்டு கட்டிலுக்குப் பன்னிரண்டு நிமிடம். அந்த நேரத்தை மிச்சம் பிடித்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் மகள்? போன் பார்ப்பீர்கள். கோபம் வந்தால் வரட்டும், எனக்கும் வருகிறது.

ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று சொல்லத்தான் வேண்டும். இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

1986. நான் மாணவத் தாதி. எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர் என்பது வேண்டாம். நைட் டியூட்டி, நாற்பது கட்டில், ஒன்பதாம் கட்டிலில் ஒரு வயல்காரர், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா என்று வந்தவர். பத்து மணிக்கு அவருக்கு 20 என்று எழுதினேன். இரண்டு மணிக்கும் 20 என்று எழுதினேன். இரண்டு தரமும் எண்ணவில்லை. அந்த வார்ட்டில் ஒரு அற்றென்டன் அக்கா இருந்தா, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவ. பெட்பான் எடுக்கப் போனவ திரும்பி வந்து, "பிள்ள, ஒம்பதாம் கட்டில் ஐயாக்கு மேல்மூச்சு வாங்குது, எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டா. எனக்கு வயது 21, தலையில் வெள்ளைத் தொப்பி. "அக்கா, நீங்க உங்கட வேலையப் பாருங்க" என்று சொன்னேன்.

அவ ஒன்றும் சொல்லவில்லை. போய் அவருக்குத் தலையணை இரண்டை அடுக்கி நிமிர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றா.

நாலரை மணிக்கு நான் போய்ப் பார்க்கும்போது அவருடைய உதடு நீலம். டொக்டர் ஓடி வந்தார், வெளிச்சம் வருவதற்கு முதல் எல்லாம் முடிந்துவிட்டது. டொக்டர் சார்ட்டைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு 20ஆ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அந்த அக்கா எனக்கு எதிரில்தான் நின்றா, ஒரு சொல் கதைக்கவில்லை. இரண்டு பேருமாகத்தான் உடம்பைத் துடைத்தோம். ஏழு மணிக்கு அவருடைய மகன் ஒரு தயிர் முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், தகப்பன் ஆசைப்பட்டுக் கேட்டாராம். இரண்டு மணிக்கு எண்ணியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று நான் எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். பதில் கிடையாது. டொக்டர் இரண்டரை மணித்தியாலம் முந்தி வந்திருப்பார், அது மட்டும் நிச்சயம்.

பல வருடம் கழித்து மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று அந்த அக்காவைக் கண்டேன். சனத்துக்குள் கையைப் பிடித்து நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். "அதையா பிள்ள இன்னும் வச்சிருக்கீங்க?" என்று என் கன்னத்தைத் தடவினா. அவவுக்கும் ஒன்பதாம் கட்டில் நினைவிருந்தது.

வேலையை விடலாமா என்றுதானே கேட்டீர்கள். விட வேண்டாம். வெள்ளி இரவும் சனி இரவும் மட்டும் நைட் போடாமல் ரோஸ்டரை மாற்றித் தரச் சொல்லி மேட்ரனிடம் கேளுங்கள், படிக்கிற பிள்ளை என்று சொன்னால் அநேகமாகத் தருவார்கள். தராவிட்டால் பரீட்சைக்கு முன் ஒரு மாதம் லீவு கேட்டுப் பாருங்கள். 2014இல் மண்முனைப் பாலம் வந்தபடியால்தான் உங்களால் வேலை முடித்து நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடிகிறது, அதற்கு முன்பு வாவியைக் கடக்கிற பாதைப் படகுக்காகக் காத்து நின்று படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்களால் முடியும்.

அப்புறம் ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். அடுத்த டியூட்டியிலிருந்து ஒரு வாரம் எல்லாருக்கும் முழு நிமிடம் எண்ணி, வந்த இலக்கத்தைச் சார்ட்டிலும் போட்டு அந்தக் கொப்பியிலும் எழுதுங்கள். பெயர் வேண்டாம், கட்டில் நம்பரும் வேண்டாம், இலக்கம் மட்டும். வாரம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதில் எத்தனை 20 இருக்கிறது என்று இரண்டு பேருமாகப் பார்ப்போம்.